ஆன்டிவைரஸ் அழித்த ஆறு கோப்புகள்: எஸ்எஃப்சி, டிஸ்ம் பற்றி என் மதிப்பீடு

மாலை ஆறு மணிக்கு மடிக்கணினியின் வலது கீழ் மூலையில் ஒரு சிவப்புப் பெட்டி எட்டிப் பார்த்தது. ஆறு அச்சுறுத்தல்கள் இருக்கின்றனவாம். கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்றில் ‘தனிமைப்படுத்து’, இன்னொன்றில் ‘அழி’. 288 பக்க நூல் ஒன்றின் கடைசி மெய்ப்பை மறுநாள் காலை அனுப்ப வேண்டும். அந்த அவசரத்தில் பாம்பைக் கண்டால் அடிப்பதுதானே வழக்கம் என்று ‘அழி’யை அழுத்திவிட்டேன்.

நான்கு உடனே போயின. மீதி இரண்டும் பயன்பாட்டில் இருப்பதால் ரீஸ்டார்ட் செய்யும்போது நீக்கப்படும் என்று சொன்னது. சமர்த்தாக ரீஸ்டார்ட் செய்தேன். கடவுச்சொல் கேட்டது, போட்டேன். அப்புறம் கறுப்புத் திரை. நடுவில் ஒரு மவுஸ் அம்பு மட்டும். அசைத்தால் அசைந்தது. வேறு ஒன்றும் இல்லை.

இந்தக் கட்டுரை அந்த ஆன்டிவைரஸைப் பற்றியது அல்ல. அதன் பெயரைச் சொல்லப்போவதும் இல்லை. இன்று ஒன்று தவறும், நாளை இன்னொன்று தவறும். அந்த இரவு நான் பயன்படுத்திய மீட்புக் கருவிகளைப் பற்றியே, முக்கியமாக விண்டோஸின் கெட்டுப்போன கோப்புகளைச் சரிசெய்யும் எஸ்எஃப்சி, டிஸ்ம் இரண்டைப் பற்றியே எழுதுகிறேன். எல்லாமே விண்டோஸ் 10-க்குள் ஏற்கெனவே கிடந்தவை. நான் கணினி படித்தவள் இல்லை. புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பது என் தொழில். அதனால் என்னைப் போன்ற ஒருவர் கையில் இவை எவ்வளவு உதவும் என்ற கோணத்தில்தான் மதிப்பெண் போடுகிறேன்.

முதலில் நான் செய்த முட்டாள்தனம். பொத்தானை அழுத்திப் பிடித்து மூன்று முறை அணைத்து அணைத்துப் போட்டேன். விண்டோஸ் எழுந்து வரும்போதே அடுத்தடுத்து இப்படி அணைத்தால், ஏதோ கோளாறு என்று நினைத்து அது நீலநிற மீட்புத் திரைக்குப் போய்விடும். அங்கே ‘ஸ்டார்ட்டப் ரிப்பேர்’ என்று ஒன்று இருக்கிறது. பெயரைப் பார்த்தால் எனக்காகவே செய்ததுபோல இருந்தது. ஐந்து நிமிடம் ‘ஆராய்கிறேன்’ என்று சொல்லிவிட்டு, சரிசெய்ய முடியவில்லை என்று கைவிரித்தது. பிறகுதான் புரிந்தது, அதன் வேலை விண்டோஸைத் தூக்கி நிறுத்துவது மட்டும். என் விண்டோஸ் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. உள்ளே போனபின்தான் ஆள் காணாமல் போகிறது. வாசல் கதவைப் பழுதுபார்ப்பவரிடம் போய் அடுப்பு எரியவில்லை என்றால் அவர் என்ன செய்வார்?

அடுத்தது ‘சிஸ்டம் ரிஸ்டோர்’. பழைய நாள் ஒன்றுக்குத் திரும்பிப் போகும் வசதி. என் கணினியில் அது அணைந்தே கிடந்திருக்கிறது. ஒரு மீட்புப் புள்ளிகூட இல்லை. இதற்கு மதிப்பெண் போட எனக்கு யோக்கியதை இல்லை. உங்கள் கணினியில் அது இயங்குகிறதா என்று இதைப் படித்து முடித்ததும் பாருங்கள்.

அதே நீலத்திரையில், கட்டளைகளைத் தட்டி இயக்கும் கமாண்ட் பிராம்ப்ட்டும் உண்டு. திறக்கப் போனால், டிரைவைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கருக்கான சாவி கேட்டது: 48 இலக்க எண். அதை என் மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து கைப்பேசியில் எடுத்து, எட்டுத் தொகுதியாக ஆறாறு இலக்கம் தட்டி முடிப்பதற்குள் கண் பூத்துப்போனது. உள்ளே போனபின் என்ன தட்டுவதென்று தெரியவில்லை. தம்பியைக் கூப்பிட்டேன். அவன் ஒரு நிறுவனத்தில் கணினிகளைப் பராமரிக்கிறவன்.

“அக்கா, கறுப்புத் திரையில கண்ட்ரோல் ஆல்ட் டெலீட் அடிச்சுப் பார்த்தியா?”

“இல்லடா.”

“அம்பு அசையுதுல்ல? அப்ப உசுரு இருக்கு. முதல்ல அதை அடி.”

அடித்தேன். வந்த திரையில், ஓடும் நிரல்களைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தேன். அதில் ‘ஃபைல்’ பட்டியலில் ‘ரன் நியூ டாஸ்க்’ என்று இருக்கும். அங்கே ‘எக்ஸ்ப்ளோரர்’ என்று தட்டச் சொன்னான். தட்டியதும் என் மேசைத்திரை, பின்னணிப் படம், கோப்புகள் எல்லாம் பொலபொலவென்று வந்து விழுந்தன. அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு எளிதா என்று கேட்டால் இல்லை. ஒலி இல்லை. பிரிண்டர் பட்டியலில் ஒரு பிரிண்டரும் இல்லை. கணினியின் பாகங்களைக் காட்டும் டிவைஸ் மேனேஜர் திறக்கவில்லை. ஆனால் உள்ளே நுழைந்துவிட்டேன்.

காரணம் பிறகு தெரிந்தது. வைரஸ் என்று தவறாக நினைத்து ஆன்டிவைரஸ் அழித்த ஆறும் விண்டோஸின் சொந்தக் கோப்புகள். அவற்றில் முக்கியமானது ‘யூசர்இனிட்’ என்ற சிறிய நிரல். நாம் கடவுச்சொல் போட்டதும் மேசைத்திரையை எழுப்பிவிடுவது இதுதான். எழுப்பிவிட்டு ஓரமாகப் போய்விடும். கெட்ட நிரல்கள் காலங்காலமாக இதன் முதுகில் ஏறி உள்ளே வந்த வரலாறு உண்டு என்பதால் ஆன்டிவைரஸ்களுக்கு இதன்மேல் எப்போதும் ஒரு கண். மற்றவை: அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் ‘ஸ்பூலர்’, ஒலிக்கான ஒன்று, டிவைஸ் மேனேஜர் போன்ற ஜன்னல்களைத் தாங்கும் ‘எம்எம்சி’. யூசர்இனிட்டுக்கும் எம்எம்சிக்கும் 32 பிட் பிரதிகள் தனியாக இன்னொரு ஃபோல்டரில் உண்டு. அவையும் சேர்ந்து ஆறு. ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருந்த இரண்டும் ஸ்பூலரும் ஒலிக் கோப்பும்தான். நான் அந்த ரீஸ்டார்ட்டைச் செய்யாமல் இருந்திருந்தால் அவை இரண்டும் பிழைத்திருக்கும். கறுப்புத் திரையையும் பார்த்திருக்க மாட்டேன்.

இதில் ஒரு வேடிக்கை. இந்தக் கோப்புகளை நான் அழிக்க நினைத்தால் முடியாது. அட்மின் ஆனாலும் சரி, ‘டிரஸ்டட்இன்ஸ்டாலர்’ என்ற கணக்கின் அனுமதி வேண்டும் என்று விண்டோஸ் மறுத்துவிடும். ஆன்டிவைரஸோ விண்டோஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே தன் டிரைவரோடு உட்கார்ந்திருப்பது. வீட்டுச் சாவி முழுவதும் காவலாளியிடம்.

“உனக்கு மட்டுமா நடந்துச்சு?” என்று தம்பி ஆறுதல் சொன்னான். 2010 ஏப்ரல் 21 அன்று மெக்காஃபி ஆன்டிவைரஸின் 5958 என்ற எண்ணுள்ள சிக்னேச்சர் அப்டேட், அதாவது வைரஸ்களை அடையாளம் காணும் பட்டியலின் புதுப்பிப்பு, விண்டோஸ் எக்ஸ்பியின் ‘எஸ்விசிஹோஸ்ட்’ என்ற சிஸ்டம் கோப்பை வைரஸ் என்று பிடித்துக்கொண்டது. மருத்துவமனை, அலுவலகம் என்று பாராமல் கணினிகள் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகித் தவித்தன. அதற்கு முன் 2007 மே மாதம் சிமான்டெக், சீன மொழி எக்ஸ்பியின் இரண்டு சிஸ்டம் கோப்புகளைத் தூக்கியது. 2008 நவம்பரில் ஏவிஜி ‘யூசர்32’ கோப்பை. 2017-இல் வெப்ரூட். பெரிய பெரிய ஆட்களே சறுக்கிய இடம்தான் இது. கேட்டபோது ஆறுதலாக இருந்தது. நேரம் மட்டும் எட்டரை ஆகிவிட்டது.

முதலில் ஆன்டிவைரஸின் குவாரன்டைனைத் திறந்தேன். காலி. ‘தனிமைப்படுத்து’ என்பதை அழுத்தியிருந்தால் ஆறும் பூட்டிய பெட்டிக்குள் பத்திரமாக இருந்திருக்கும். ‘ரிஸ்டோர்’ என்று ஒரு சொடுக்கில் பழைய இடத்துக்கே வந்திருக்கும். அந்தப் பெட்டிக்குள் கோப்பை உருமாற்றித்தான் வைப்பார்கள், அதனால் நாமாகப் போய் நகலெடுக்க முடியாது. அந்த ஆன்டிவைரஸ்தான் திருப்பித் தர வேண்டும். இதனால், கோபத்தில் ஆன்டிவைரஸை முதலில் அன்இன்ஸ்டால் செய்துவிடாதீர்கள் என்கிறான் தம்பி. பெட்டியோடு போய்விடும். என் கதையில் பெட்டியே இல்லை. கருவி நல்லது, கை கெட்டது.

அழிந்த கோப்பை மீட்டுத்தரும் மென்பொருள் ஒன்றையும் முயன்றேன். என்னுடையது எஸ்எஸ்டி டிரைவ். அதில் டிரிம் என்று ஒரு ஏற்பாடு இயங்கும். கோப்பு அழிந்ததும் அந்த இடத்தைத் துடைத்துவிடலாம் என்று டிரைவுக்குச் சொல்லிவிடும். யூசர்இனிட் என்ற பெயர் பட்டியலில் தெரிந்தது, அளவும் சரியாக இருந்தது. திறந்து பார்த்தால் முழுக்கச் சுழியங்கள். புகைப்படங்களுக்கு, பழைய சுழல்வட்டுகளுக்கு இவை உதவலாம். சிஸ்டம் கோப்புகளுக்கு நேர விரயம்.

நண்பர் ஒருவர், காணாமல் போன கோப்பின் பெயரைத் தேடினாலே டவுன்லோட் செய்யத் தரும் தளங்கள் நிறைய உண்டே என்றார். உண்டு. அங்கே எந்தப் பதிப்பு, யார் கை வைத்தது என்று ஒன்றும் தெரியாது. இல்லாத வைரஸுக்குப் பயந்து அழித்துவிட்டு, நிஜ வைரஸை நானே கொண்டுவந்து, விண்டோஸின் முக்கியக் கோப்புகள் இருக்கும் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் வைக்க வேண்டுமா?

சரி, எஸ்எஃப்சி. முழுப்பெயர் சிஸ்டம் ஃபைல் செக்கர். டாஸ்க் மேனேஜரில் அதே ‘ரன் நியூ டாஸ்க்’ பெட்டியில் அட்மின் உரிமைக்கான கட்டத்தை டிக் செய்து கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ‘எஸ்எஃப்சி’ என்று தட்டி, ஒரு இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு ‘ஸ்கேன்நௌ’ என்று தட்ட வேண்டும். அவ்வளவுதான். அதற்கு ஜன்னல் இல்லை, பொத்தான் இல்லை. கறுப்புப் பின்னணியில் ஒரு சதவீதம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். பன்னிரண்டு நிமிடத்தில் முடித்து, பழுதான கோப்புகளைக் கண்டு சரிசெய்துவிட்டேன் என்று ஒரு வரி எழுதிவிட்டு அமைதியாகிவிட்டது.

சிஸ்டம்32-க்குள் போய்ப் பார்த்தேன். யூசர்இனிட் உட்கார்ந்திருந்தது, எதுவும் நடக்காத மாதிரி. இணையத்திலிருந்து ஒரு எழுத்துகூட இறக்கவில்லை. எங்கிருந்து வந்தது?

இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். விண்டோஸுக்குள் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பார்க்க மிகப் பெரிதாகத் தெரியும். இடத்தை அடைக்கிறதே என்று அதை அழிக்கப் பார்க்கும் ஆட்கள் உண்டு. அதுதான் விண்டோஸின் களஞ்சியம். சிஸ்டம்32-இல் நாம் பார்க்கும் கோப்புகளில் பெரும்பாலானவை இங்கிருந்து ‘ஹார்ட் லிங்க்’ ஆக இணைக்கப்பட்டவை. நகல் அல்ல. ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் இருப்பதுபோல, டிரைவில் இருக்கும் ஒரே தரவுக்கு இரண்டு இடத்தில் பெயர். பள்ளிப் பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டால் பிள்ளை மறைந்துவிடுமா? வீட்டில் இருப்பான். ஆன்டிவைரஸ் அடித்தது சிஸ்டம்32-இல் இருந்த பெயரை. எஸ்எஃப்சி களஞ்சியத்துக்குப் போய், ஆளைச் சரிபார்த்து, பெயரை மறுபடி எழுதிவிட்டது.

இதில் ஒரு ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. ‘அழி’, ‘தனிமைப்படுத்து’ தவிர சில ஆன்டிவைரஸ்களில் ‘சுத்தம் செய்’ என்ற மூன்றாவது பொத்தான் இருக்கும். அது கோப்பின் உள்ளேயே வெட்டி ஒட்டும். அப்போது மாறுவது பெயரல்ல, ஆள். அதே இடத்தில் வைத்து எழுதினால் களஞ்சியத்தில் இருப்பதும் சேர்ந்தே கெடும். அப்படிப் பார்த்தால் நான் அழுத்தியது பரவாயில்லை என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

எஸ்எஃப்சிக்கு என் ஒரே மனக்குறை அதன் மௌனம். எதைச் சரிசெய்தது என்று திரையில் சொல்லாது. விண்டோஸ் ஃபோல்டருக்குள் லாக்ஸ், அதற்குள் சிபிஎஸ், அதற்குள் சிபிஎஸ் லாக் என்ற கோப்பைத் திறந்தால் ஆயிரக்கணக்கான வரிகள். அதில் சதுர அடைப்புக்குள் எஸ்ஆர் என்று குறியிட்டிருக்கும் வரிகள்தான் எஸ்எஃப்சி எழுதியவை. தம்பி சொன்னபடி அந்தக் குறியைத் தேடித் தேடிப் போனால் ஆறு பெயர்களும் கிடைத்தன. மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு அது பழகிய வேலைதான், மற்றவர்களுக்குக் கொடுமை.

சந்தோஷத்தில் ரீஸ்டார்ட் செய்தேன். மறுபடி கறுப்புத் திரை.

எஸ்எஃப்சியை ஓட்டுவதற்கு முன் ஆன்டிவைரஸின் நிகழ்நேரப் பாதுகாப்பை நிறுத்தியிருந்தேன். நிறுத்தும்போது எவ்வளவு நேரத்துக்கு என்று கேட்டது. ‘அடுத்த ரீஸ்டார்ட் வரை’ என்று நானேதான் தேர்ந்தெடுத்தேன். ரீஸ்டார்ட் ஆனதும் காவலாளி பணிக்குத் திரும்பி, அதே தப்பான பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பி வந்திருந்த ஆறு பேரையும் அடித்துத் துரத்திவிட்டது. போதாததற்கு, தொடக்கத்திலேயே விண்டோஸ் ஃபோல்டர் முழுவதையும் ஸ்கேன் செய்து களஞ்சியத்துக்குள்ளும் நுழைந்திருக்கிறது.

தம்பி ஃபோனில் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. “பதினொன்னு ஆகப்போகுது. இந்நேரம் சரியான அப்டேட் விட்டிருப்பாங்க. முதல்ல அதை வாங்கு, அப்புறம் எஸ்எஃப்சி,” என்றான். டாஸ்க் மேனேஜர், எக்ஸ்ப்ளோரர், அதே பாதை. ஆன்டிவைரஸின் ஜன்னலில் ‘அப்டேட்’டை அழுத்தினேன். சிக்னேச்சர் எண் மாறியது. இந்த வரிசைதான் முக்கியம்: முதலில் காவலாளியின் பட்டியலைத் திருத்த வேண்டும், பிறகுதான் ஆட்களை உள்ளே கூப்பிட வேண்டும். திருத்திய அப்டேட் வரும்வரை அந்தக் கோப்புகளை விதிவிலக்குப் பட்டியலில் போட்டு வைக்கலாம். ஆனால் தவறான எச்சரிக்கைதான் என்று உறுதியாகத் தெரியாமல் அதைச் செய்யக் கூடாது. வைரஸ்டோட்டல் போன்ற இணையதளத்தில் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே கோப்பைப் பற்றி என்ன சொல்கின்றன என்று பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் அனுப்பக் கோப்பே இல்லை என்பதால் தம்பி தன் கணினியில் இருந்த யூசர்இனிட்டை அனுப்பிப் பார்த்தான். யாரும் குறை சொல்லவில்லை. அது என் கணினியில் இருந்ததற்குச் சான்று ஆகாது. அதே இரவில் அதே ஆன்டிவைரஸ் அவன் அலுவலகக் கணினிகள் மூன்றிலும் அதே கோப்பின்மேல் கை வைத்ததுதான் எங்களை நம்பவைத்தது.

எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டினேன். இந்த முறை, சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்றது. இரண்டு பதிவேட்டிலும் பெயர் அடிபட்டால் எங்கே போய்த் தேடும்?

அங்கேதான் டிஸ்ம். எஸ்எஃப்சி களஞ்சியத்திலிருந்து சிஸ்டம்32-ஐச் சரிசெய்யும். டிஸ்ம் அந்தக் களஞ்சியத்தையே சரிசெய்யும், விண்டோஸ் அப்டேட் வழியாக நல்ல கோப்புகளை வரவழைத்து. இதன் கட்டளை நீளமானது: டிஸ்ம், ஆன்லைன், கிளீன்அப் இமேஜ், ரிஸ்டோர்ஹெல்த். நடுவில் இடைவெளியும் சாய்கோடும் சரியாக விழ வேண்டும். எனக்கு மூன்றாவது முயற்சியில்தான் விழுந்தது. ஓடத் தொடங்கி 62.3 சதவீதத்தில் நின்றுவிட்டது. பத்து நிமிடம். பதினைந்து. செத்துவிட்டதென்று ஜன்னலை மூடப்போனேன்.

“மூடிடாத. அங்கதான் எல்லாருக்கும் நிக்கும். விடு.”

இருபத்தி மூன்றாவது நிமிடத்தில் ஒரே தாவலில் நூறுக்குப் போனது. நின்றதற்கும் உழைப்பதற்கும் வித்தியாசம் தெரியும்படி ஒரு வரி எழுதினால் எத்தனை பேருக்கு நிம்மதி. பொறுமை இல்லாதவர்களுக்கு இந்தக் கருவி சரிவராது. ஆனால் சொன்ன வேலையை முடிக்கிறது.

காத்திருந்த நேரத்தில், பழைய யுஎஸ்பி ஒன்றில் இருந்த விண்டோஸ் நிறுவல் கோப்பை மூலமாகக் காட்டினால் வேகமாக முடியுமே என்று கேட்டேன். இணையம் இல்லாத கணினிக்கு அதுதான் வழி, ஆனால் அந்த யுஎஸ்பியில் இருக்கும் பதிப்பும் கணினியில் ஓடும் பதிப்பும் ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் மூலக் கோப்புகள் கிடைக்கவில்லை என்று திருப்பிவிடும் என்றான். என்னுடையது மூன்று வருடம் பழையது. மேசை இழுப்பறைக்கே திரும்பிப் போனது.

டிஸ்ம் முடிந்ததும் மூன்றாவது முறையாக எஸ்எஃப்சி. எல்லாம் சரிசெய்யப்பட்டது என்றது. ரீஸ்டார்ட் செய்யக் கை நடுங்கியது. அதற்கு முன் நூல் கோப்பை யுஎஸ்பியில் ஒரு நகல் போட்டுக்கொண்டேன். ஆறு மணிக்கே செய்திருக்க வேண்டியது.

மதிப்பெண் கேட்டால்: எஸ்எஃப்சிக்கு ஐந்துக்கு நான்கரை, அரை மதிப்பெண் அந்த மௌனத்துக்காகக் குறைக்கிறேன். டிஸ்முக்கு மூன்றரை, வேலைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம், நடத்தைக்கு முடியாது. என் நோய்க்கு ஸ்டார்ட்டப் ரிப்பேர் மருந்தே இல்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன். டாஸ்க் மேனேஜரை யாரும் மீட்புக் கருவி என்று சொல்வதில்லை. அன்றைக்கு எனக்குக் கதவைத் திறந்துவிட்டது அதுதான், ஐந்துக்கு ஐந்து. நீலத்திரையின் கமாண்ட் பிராம்ப்ட்டிலிருந்தும் எஸ்எஃப்சியை ஓட்டலாம், விண்டோஸ் உள்ளேயே நுழைய முடியாதவர்களுக்கு அதுதான் கதி. அங்கே டிரைவ் எழுத்துகள் மாறித் தெரியும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நம் சி அங்கே டி ஆகக்கூட இருக்கலாம். பார்க்காமல் தட்டினால் வேறு வீட்டுக் கதவைத் தட்டியதாகிவிடும்.

ரீஸ்டார்ட் ஆகி, கடவுச்சொல் போட்டு, கண்ணை மூடிக்கொண்டேன். விண்டோஸின் அந்தச் சின்ன ‘டிங்’ ஒலி கேட்டது. ஒலிக்கோப்பு வந்துவிட்டது. அப்புறம் பிரிண்டரை ஆன் செய்தேன், பட்டியலில் தெரிகிறதா என்று பார்க்கத்தான். ஆன் ஆனதும் அது தானாகவே கறகறவென்று காகிதத்தை இழுக்கத் தொடங்கியது. பதறிப்போய்ப் பார்த்தால், மாலை ஐந்தரைக்கு, பிரிண்டர் அணைந்திருந்தது தெரியாமல் நான் அச்சுக்கு அனுப்பிய ஒன்பதாம் அத்தியாயத்தின் முதல் பக்கம். ஸ்பூலர் செத்துப் பிழைத்து, மறுபடி செத்துப் பிழைத்து வந்தும் அந்த வேலை அதன் ஃபோல்டரில் வரிசையில் காத்திருந்திருக்கிறது.

மணி ஒன்றே முக்கால். பக்கத்தை எடுத்து விளக்கடியில் பிடித்தேன். இரண்டாவது வரியில் ஒரு ‘ப்’ விட்டுப்போயிருந்தது. உட்கார்ந்து திருத்தினேன்.